நான் குறை சொன்ன வீடுகள்

1

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸரின் மனைவி தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள், கொண்டுவந்த முறுக்குத் தட்டைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே கேட்டாள்.

"அக்கா, நாங்க லீவுக்கு ஊருக்குப் போறோம். அங்க ஒரு வீடு வாங்கிப் போடணும்னு இவர் ஒத்தக் கால்ல நிக்கிறார். வீடு பாக்குறதுல நீங்க கெட்டிக்காரின்னு எல்லாரும் சொல்றாங்க. எதை எதைப் பாக்கணும்?"

எனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் பார்த்த வீடுகள் நாலு. நாலிலும் குறை தேடினதுதான் என் கெட்டிக்காரத்தனம்.

சிரம்பானுக்கு வெளியே, ரப்பர் மரங்களுக்கு நடுவே நாங்கள் இருக்கிறோம். எங்கள் வீடு என்று சொல்லிக்கொண்டாலும் அது தோட்டத்துத் துரையின் வீடு. தகரக் கூரை. மழை கொட்டினால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. இங்கே மழை கொட்டாத நாள் குறைவு. அதனால் இந்த வரிசையில் புருஷன் பெண்டாட்டிச் சண்டைகளும் குறைவு. மலாயாவில் இருக்கிற தமிழன் இன்னொரு தமிழனைப் பார்த்தால் முதலில் கேட்பது, "ஊர்ல வீடு வாங்கியாச்சா?" என்பது. வாங்கியாச்சு என்று சொல்லிவிட்டால் மரியாதையாக அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

டிரெஸ்ஸர் மனைவியிடம் கிணறு, கூரை, அண்டை வீடு என்று மூன்றைச் சொல்லி அனுப்பினேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்களில் நாகர்கோவில், தக்கலைப் பக்கம் வீடு விற்கிறவர்களும் இருப்பீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்தாலும் நடுவில் கடல் கிடக்கிறது.

2

என் கணவரைத் தோட்டத்தில் எல்லாரும் கிளார்க்கு என்பார்கள். பிறந்தபோது வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. நானும் மனசுக்குள் கிளார்க்கு என்றே சொல்லிக்கொள்வேன்.

சில வருஷங்களுக்கு முன் கிளார்க்குக்கு நீண்ட லீவு கிடைத்தது. நானும் இரண்டு பெண்களும் கூடப் புறப்பட்டோம். பெரியவள் இராசத்துக்கு அப்போது பத்து வயசு, சின்னவள் செல்லத்துக்கு ஆறு. பினாங்கில் கப்பலேறினோம். கரை கண்ணுக்கு மறைகிறவரை கிளார்க்கு ஒன்றும் சொல்லவில்லை. மறைந்த பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொன்னம்ம, இந்தத் தடவ ஊர்ல ஒரு வீடு வாங்கிருவோம். நீயும் பிள்ளையளும் அங்கேயே இருங்க. நான் மூணு வருஷத்துக்கு ஒருக்க வந்து போறேன். பெண்பிள்ளையளாக்கும். இங்க கெடந்தா மலாய்க்காரியளா வளந்திரும்."

சமர்த்தர். பினாங்குக் கரையில் வைத்துச் சொல்லியிருந்தால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருப்பேன்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருகிற புருஷன் எங்கள் ஊரில் புதுசில்லை. கொழும்புக்காரன் பெண்டாட்டி, ரங்கூன்காரன் பெண்டாட்டி என்று தெருவுக்கு ஒருத்தி இருப்பாள். வீடு இருக்கும், கழுத்தில் காசுமாலை இருக்கும், சுவரில் கோட்டுப் போட்ட போட்டோ ஒன்று இருக்கும். பிள்ளை போட்டோவைக் காட்டி அப்பா என்று சொல்லும். அப்பாவே வந்து நின்றால் வீரிட்டு அழும். அந்தப் பெண்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அப்போதே பயம்தான் வரும். இனி நானும் அந்த வரிசையில் ஒருத்தி என்று கப்பலில் வைத்துத் தெரிந்துபோயிற்று.

என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது வாயில் வராது. பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்லலாம், அரிசி இல்லை என்று சொல்லலாம். உங்களை விட்டுவிட்டு இருக்க முடியாது என்று கட்டின புருஷனிடம் சொன்னால் நாணமில்லாதவள் ஆகிவிடுவோம். ஆனால் வீட்டைக் குறை சொல்ல யாரும் தடை போடவில்லை. ஆகவே கப்பல் நாகப்பட்டினம் சேருவதற்குள் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். லீவு முடிகிறவரை எந்த வீடும் கொள்ளாது, நன்றாக இல்லை என்பேன். வீடு அமையாவிட்டால் நாங்களும் கூடத் திரும்பித்தானே ஆகவேண்டும்.

3

வடசேரியில் கிளார்க்கின் அக்காள் வீட்டில் தங்கினோம். எனக்கு மைனி. அவளுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் தாணு, இளையவனுக்குப் பேச்சு வராது என்றே நினைத்திருந்தேன், தாணு அருகில் இருந்தால் அவன் வாயைத் திறக்கவே மாட்டான். மாமா வந்திறங்கிய நாளிலிருந்து ஒருத்தன் குடை பிடித்தான், ஒருத்தன் செருப்பைத் துடைத்து வைத்தான். இந்தப் பணிவிடைக்குக் காரணம் சொல்லாவிட்டால் மேலே நடப்பது விளங்காது.

நாங்கள் மருமக்கள் வழிக்காரர்கள். அதாவது ஒருவன் தேடிய சொத்து அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். தான் பெற்ற பிள்ளைகளைக் கொஞ்சலாம், தோளில் தூக்கலாம். அவன் செத்தால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஏதோ கொஞ்சம் கொடுத்து வாசலைக் காட்டிவிடுவார்கள். டிரெஸ்ஸர் மனைவிக்கு இதை மூன்று தடவை விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப உங்க பொண்ணுங்களுக்கு உங்க வீட்டு ஐயா என்ன உறவு?" என்றாள்.

புதுச் சட்டம் வந்து இதையெல்லாம் மாற்றிவிட்டது என்று நாங்கள் போனபோது சொன்னார்கள். ஒரு வக்கீல் மாறிவிட்டது என்றார். இன்னொரு வக்கீல், மாறினது மாறினதுதான், ஆனால் உங்கள் குடும்பத்துக்கு மாறினதா என்று பார்க்கவேண்டும் என்றார். இரண்டு பேரும் பீஸ் வாங்கிக்கொண்டார்கள். சட்டத்தால் நடந்தது ஒன்று நிச்சயம்: பெரிய பெரிய குடும்பங்கள் பாகம் பிரிந்தன, நாலுகட்டு வீடுகள் துண்டு துண்டாக விலைக்கு வந்தன.

முதலில் பார்த்தது அப்படி ஒரு துண்டு. தரகர் அணைஞ்சபெருமாள் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். எந்த வீட்டைக் காட்டினாலும் அவர் முதலில் சொல்வது "வீடு கொள்ளாம்", அதாவது வீடு நன்றாயிருக்கிறது, என்பதுதான்.

"வீடு கொள்ளாம். தெக்குப் பாதி மச்சு ஒங்களுக்கு. நடுமுற்றத்தில நாலில ஒண்ணு. கிணத்தில செவ்வாயும் வெள்ளியும்."

"கிணத்தில செவ்வாயும் வெள்ளியுமா?" என்றேன்.

"வெள்ளம் கோரதுக்கு. மத்த நாளு தண்ணி மத்த பாகக்காரவியளுக்கு."

"புதன்கிழம பிள்ளைக்கு வயித்தால போச்சுன்னா?"

அணைஞ்சபெருமாள் மோவாயைச் சொறிந்தார். "செவ்வாக்கிழமையே கூடுதலா கோரி வச்சுக்கிடணும்."

அடுக்களையில் ஒரு அம்மாள் அரைத்துக்கொண்டிருந்தார். அந்த அடுக்களை அவர் ஆயுசு வரைக்கும் அவருக்கு, அதன் பிறகு நமக்கு என்று தரகர் காதோடு சொன்னார். அம்மாளுக்குக் காது நல்ல கூர்மை. குழவியை நிறுத்தாமலே, "எங்க அம்மை தொண்ணூறு தாண்டிப் போனா, பிள்ளே. எனக்கு ஒரு பல்லு ஆடல்ல இன்னும்" என்றார்.

இதற்குள் செல்லம் என் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா, ஜம்பான் எங்க?" என்றாள். மலாயில் ஜம்பான் என்றால் கக்கூஸ். அது தெரியாத அணைஞ்சபெருமாள் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டி, "ஜப்பானா மக்கா? அது ஒங்க அப்பா இருக்கப்பட்ட எடத்துக்கும் அந்தப் பக்கம்லா?" என்றார். பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிற அந்த மக்கா என்ற சொல்லில் இன்னொரு வினை இருந்தது. மலாயில் மக்கான் என்றால் சாப்பாடு. ஊரில் போகிறவர் வருகிறவர் எல்லாம் "வா மக்கா" "இரி மக்கா" என்று கூப்பிடக் கூப்பிட, சாப்பிடத்தான் அழைக்கிறார்கள் என்று செல்லம் கையைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள். சாப்பாடு வராது. ஊர்க்காரர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று இராசத்திடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

"பாத்தியா, எனக்க பயம் என்னன்னு இப்பம் வெளங்குதா?" என்றார் கிளார்க்கு. ஜம்பான் இல்லை என்பது அவருக்கு ஒரு குறையாகப் படவில்லை. செவ்வாய், வெள்ளிக் கிணறு படத்தான் செய்தது. வேறு வீடு பார்க்கச் சொன்னார்.

4

குளச்சலில் காட்டியது ஒரு கப்பல் வீடு. அந்தக் காலத்தில் அங்கே கரை தட்டிய கப்பல் ஒன்றை ஒரு வியாபாரி ஏலத்தில் எடுத்து, பலகை பலகையாகப் பிரித்துக் கரையில் வீடாகக் கட்டியிருந்தார். ஜன்னல்கள் வட்டம். நிலைப்படி முழங்கால் உயரம், கடல் தண்ணீர் உள்ளே வராமலிருக்க. மச்சுக்குப் போக ஏணி. கூடத்து நடுவில் சுக்கான் சக்கரம் ஒன்று, என் உயரத்துக்கு. இராசம் அதைப் பிடித்து வீட்டைத் திருப்பப் பார்த்தாள்.

"வீடு கொள்ளாம். காத்து கேட்டியளா, காத்து" என்றார் அணைஞ்சபெருமாள்.

காற்றோடு மணலும் வந்தது. தரையில், கட்டிலில், மூடிவைத்த பானைக்குள் மணல். இரும்பு என்று அந்த வீட்டில் இருந்ததெல்லாம் உப்பு தின்று, தொட்டால் உதிர்ந்தது. பின்வாசலைத் திறந்தால் மீன் ஏலம் போடுகிற இடம். நாங்கள் சைவம். கிளார்க்கு மூக்கைப் பொத்திக்கொண்டே சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். கப்பல் என்றால் அவருக்கு ஒரு மோகம். கப்பலில் ஏற்றக் கூடாது என்பதற்காக என்னைக் கப்பலிலேயே குடிவைக்கப் பார்த்தார்.

பின்பக்கம் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைக் கைகாட்டி அழைத்தாள். கழுத்தில் ஜெபமாலை. பெயர் மரியம்மாள் என்றாள்.

"வாங்கப் போறியளா?"

"பாக்கோம்."

"ஒனக்க ஆளு என்ன தொழிலு?"

"மலாயாவில கிளார்க்கு. என்னைய இங்க வச்சிட்டு அவரு போவாரு."

"எங்க ஆளுவளும் கடலுக்குத்தான் போறது. விடியக்கருக்கல்ல போனா உச்சைக்குக் கரையேறுவினும். ஒனக்க ஆளு எப்பம் வருவாரு?"

"மூணு வருஷம் கழிச்சு."

மரியம்மாள் வலையைக் கீழே போட்டுவிட்டாள். "மாதாவே, அது என்ன மீனுக்கு?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்தபோது கண் நனைந்திருந்தது, மணல் விழுந்ததாகச் சொல்லிக்கொண்டேன். அந்த ஊரில் எனக்குப் பிடித்தது மரியம்மாள் ஒருத்திதான். அவளுக்காக அந்த வீட்டை வாங்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. கூட வந்திருந்த தாணு இடையில் புகுந்து, கடற்கரையில் வீடு இருந்தால் வருஷா வருஷம் மரவேலை செலவு, மாமாவுக்குக் கட்டுப்படியாகாது என்றான். பிற்காலத்தில் தன் கைக்கு வரப்போகிற வீட்டில் அவனுக்கு அக்கறை இருக்காதா. அந்த வீட்டைத் தள்ளிய புண்ணியம் அவனுக்கே.

5

இதை எழுதும்போது மழை பிடித்துக்கொண்டது. இராசம் என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள். எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள், கான்வென்டில் தமிழ் கிடையாது. "கப்பல் வீடு நல்லாத்தானே இருந்துச்சு, அம்மா" என்று இங்கிலீஷில் சொல்கிறாள். சின்னவள் தூக்கத்தில் உளறுவது மலாயில். கிளார்க்கு எதற்குப் பயந்தாரோ அது நடந்துவிட்டது, நான் மறைக்கவில்லை.

மூன்றாவது வீட்டுக்கு வருகிறேன். குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டின பங்களா. துரை சீமைக்குத் திரும்புகிறார், சகாய விலை என்றார் அணைஞ்சபெருமாள். போகிற வழியெல்லாம் ரப்பர் மரம், பட்டையைக் கீறிச் சிரட்டை கட்டியிருந்தது. கடல் கடந்து, ரயிலேறி, பஸ் ஏறி நான் வந்தது ரப்பர் மரம் பார்க்கவா என்று கிளார்க்கைக் கேட்டேன். பழகின இடம் மாதிரி இருக்கும் என்றார்.

கூடத்தில் குளிர்காய அடுப்பு இருந்தது. நாங்கள் வேர்த்துக்கொண்டு அதைப் பார்த்தோம். சமையல்கட்டு பங்களாவிலிருந்து கூப்பிடு தூரத்தில், புகையும் வாசனையும் துரையை அண்டாமல் இருக்க. கூப்பிடுவதற்கு ஒரு மணி. மழைநாளில் நான் சோற்றுப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, அட்டைக்கடிக்கு நடுவே ஓடிவருவதை நினைத்துப் பார்த்தேன். மணியடிக்கிறவர் மலாயாவில் இருப்பார்.

முன்முற்றத்தில் பூச்செடிகளுக்கு நடுவே வெள்ளைக் கற்கள் வரிசையாக நட்டிருந்தன. எங்களோடு வந்திருந்த மைனி சாமியென்று கும்பிடப் போனாள், அவளைத் தரகர் அவசரமாகத் தடுத்தார். அவை துரையின் நாய்களுடைய கல்லறைகள். கல்லில் பெயர் வெட்டியிருந்தது. அந்த இடத்தை வாங்குகிறவர்கள் தோண்டக் கூடாது, வெள்ளைபூசிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விற்பனையில் ஒரு நிபந்தனை.

"எழுதி ரெஜிஸ்டரே ஆக்கியாச்சு. ஆரும் எறக்கிவிட ஒக்காது" என்றார் அணைஞ்சபெருமாள்.

துரையின் நாய்க்குச் செத்த பிறகும் நிலம் எழுதிவைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் புருஷன் செத்த பெண்ணுக்கு உயிரோடு இருக்கையில் அது கிடையாது. இதை நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். மைனி கேட்காத மாதிரி செம்பருத்தியைப் பறித்தாள். கிளார்க்கின் முகம் கறுத்துவிட்டது.

திரும்பும்போது தக்கலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். மற்றவர்கள் கடைப்பக்கம் போனார்கள். கிளார்க்கு ஒரு சீப்பு மட்டிப் பழம் வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்தார். அவர் தாமாக ஏதாவது வாங்கித் தந்தால் மனசில் ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம்.

"எங்கப்பா செத்த பதினாறு கழிஞ்ச உடனே அவருக்க மருமக்கமாரு எங்கம்மைய வீட்டவிட்டு எறக்கிவிட்டானுவ. எனக்கு அப்பம் ஏழு வயசு. ஒரு உருளியும் ரெண்டு பாயும் தலையில. அவ கேட்டதெல்லாம் ஒரு அறை. அவளுக்குக் கெடைக்காதத ஒனக்குக் குடுக்கணும்னு நெனக்கேன். நீ என்னடான்னா போற வீடெல்லாம் கொறை சொல்லுக."

என் மனசு இளகிவிட்டது. இந்த மனுஷர் என்னை ஒதுக்கப் பார்க்கவில்லை, எனக்குக் கோட்டை கட்டப் பார்க்கிறார். ஆனாலும் சொன்னேன்.

"ஒங்கப்பா போன பொறகுதானே ஒங்கம்மை தனியா ஆனா. நீங்க நல்லா இருக்கும்பமே நான் தனியா ஆகணுமா?"

அவர் ஒரு பழத்தை உரித்து என் கையில் வைத்தார். பஸ் வந்துவிட்டது, நாங்கள் ஏறினோம்.

6

நாலாவது வீடு அந்தத் தக்கலையிலேயே இருந்தது. ரொம்ப வருஷம் கோர்ட்டு வாடகைக்கு இருந்த வீடு. கோர்ட்டு புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. கூடத்தில் ஜட்ஜி உட்கார்ந்த மேடை அப்படியே இருந்தது. அதற்கு எதிரே சாட்சி சொல்கிறவர் நிற்க மரக் கூண்டு. வாசலில் நாலு பேர் கையில் மனுவோடு உட்கார்ந்திருந்தார்கள். கோர்ட்டு இடம் மாறினது அவர்களுக்குத் தெரியாது. கிளார்க்கு வேட்டியை இறக்கிவிட்டு உள்ளே நுழைந்ததும் அவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். அந்த ஒரு கும்பிடில் கிளார்க்கு விழுந்துவிட்டார்.

நான் குறை தேடிக் கிளம்பினேன். கிணற்றுத் தண்ணீர் இளநீர். எல்லா நாளும் நமக்கே. கூரை ஓடு ஒன்றுகூட நகரவில்லை. தேக்கு உத்தரம். அடுக்களையில் யாரும் உட்கார்ந்து அரைக்கவில்லை. தெருக்குத்தாக வாசல் இருக்குமோ என்று பார்த்தேன், இல்லை. மேடையையும் கூண்டையும் சொல்லலாமென்றால், ஆசாரியைக் கூப்பிட்டால் ஒரு பகலில் பிரித்துவிடுவான். அப்போது புறக்கடையிலிருந்து செல்லம் கூவிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அம்மா, இங்க ஜம்பான் இருக்கு."

ஜட்ஜிக்காகக் கட்டினது. பெற்ற பெண்ணே காட்டிக்கொடுத்தாள். கிளார்க்கு என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

இனி பத்திரம். வீட்டை யார் பெயரில் எழுதுவது என்று கிளார்க்கு இரண்டு நாள் தூங்கவில்லை. அவர் பெயரில் எழுதினால், நாளைக்குத் தாணு வந்து இது எங்கள் மாமா தேடின சொத்து என்பான். சட்டம் மாறினதோ மாறவில்லையோ, ஆயுசு முழுக்க வழக்காடலாம். ஆகவே என் பெயரில். அதுவும் போதாதென்று, என் நகையை விற்று நானே வாங்கியதாக எழுதச் சொன்னார். என் நகை என் கழுத்தில்தான் இருந்தது. பத்திரம் எழுதுகிறவர் அதைப் பார்த்துக்கொண்டே எழுதினார்.

எழுதினது மலையாளத்தில். படித்துக் காட்டியபோது எனக்குப் பாதி விளங்கியது. மலாயாவில் வேலை பார்க்கும் இன்னாருடைய மனைவி என்பதற்குப் பதில், மலையாளத்தில், அதாவது மலையாள தேசத்தில், வேலை பார்க்கும் என்று எழுதியிருந்தார்.

"மலையாளம் இல்ல, மலாயா" என்றேன்.

"ரெண்டும் படிஞ்ஞாறு, மேக்கதானே அம்மா?"

"மலாயா கிழக்க. கடலுக்கு அங்க."

அவர் எழுதுகோலைக் காதில் செருகிக்கொண்டு, அப்படியானால் இது வெளிராஜ்யம், அந்நியராஜ்யத்தில் இருக்கிறவர்கள் பிரஜைதானா என்று அதிகாரி கேட்பார், அதற்கு ஒரு அத்தாட்சி வேண்டும், அத்தாட்சிக்குத் திருவனந்தபுரம் போகவேண்டும் என்றார். கிளார்க்கு உடனே, மலையாளம் என்றே இருக்கட்டும் என்றார். இன்றைக்கும் அந்தப் பத்திரப்படி நாங்கள் மலாயாவுக்கு வரவே இல்லை.

7

பதிவான மறுநாளே பால்காய்ச்சு. மைனி வந்தாள், மருமகன்கள் வந்தார்கள், அணைஞ்சபெருமாள் புதுத் துண்டு போட்டுக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு வக்கீலும் வந்தார். ஏற்கெனவே இரண்டு தடவை இந்த வீட்டை வாடகைக்குக் கேட்டவர் அவர். கட்சிக்காரர்கள் பழக்கதோஷத்தில் இந்த வாசலுக்கே வந்து உட்காருகிறார்கள், வீடு கிடைத்தால் அவர்களைத் தேடி அலைய வேண்டாம் என்பது அவர் கணக்கு. எனக்க குடும்பம் குடியிருக்கப் போகுது என்று இரண்டு தடவையும் கிளார்க்கு மறுத்துவிட்டார்.

பால் பொங்கியது. மைனி குலவையிட்டாள். கிளார்க்குக்குக் கண் கலங்கிவிட்டது. சாவிக்கொத்தை எடுத்து, எல்லாரும் பார்க்க என் கையில் வைத்தார்.

"இன்னா பிடி. இனி நீயாக்கும் வீட்டுக்காரி."

கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் வீட்டுக்காரிதான். கொண்டவனுக்குச் சோறு பொங்குகிறவளுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஆனால் வீட்டை உடையவளுக்கும் அதே பெயர்தானே. சாவி உள்ளங்கையில் கனத்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

வக்கீல் விளையாட்டாகக் கேட்டார். "அப்ப இனி வாடகைக்கு வீட்டுக்காரியிட்டத்தானே கேக்கணும்?"

"எப்பம் வாறிய?" என்றேன்.

"என்னது?"

"வாடகைக்கு. நாங்க கப்பலேறின மறுநாளு வந்திருங்க."

கிளார்க்கு மேடையிலிருந்து இறங்கி வந்தார். "ஏட்டி, ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா? யாரக் கேட்டு வாடகைக்கு விடுக?"

"வீட்டுக்காரியக் கேட்டு."

அவர் கோபப்பட்டால் காது மடல் சிவக்கும். அப்போது சிவந்தது. "நான் ராவும் பகலும் மாடா ஒழைச்சு வாங்கின..." என்று ஆரம்பித்தார்.

"மாமா" என்றான் தாணு. மெதுவாக, மரியாதையாக, இருந்த இடத்தைவிட்டு எழுந்து கேட்டான். "அப்ப வீடு ஒங்களுக்கதா?"

கிளார்க்கின் வாய் திறந்தபடி நின்றது. அவர் கை பக்கத்தில் இருந்த சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டது. தாணு காத்திருந்தான். பேசாத தம்பியும் தலையை நீட்டினான். அணைஞ்சபெருமாள் எச்சிலை விழுங்கினார். வக்கீல் சட்டென்று தொழில் முகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னுடையது என்று ஒரு சொல் சொன்னால் எனக்கு அந்த ஊரில் கட்டாயக் குடியிருப்பு, தாணுவுக்கு ஒரு வழக்கு, வக்கீலுக்கு ஒரு கட்சிக்காரன்.

"இல்ல" என்றார் கிளார்க்கு. "அவளுக்கதாக்கும். அவளுக்க நகைய வித்து வாங்கினது. அவ இஷ்டம்."

தாணு உட்கார்ந்துவிட்டான். என் கழுத்தை அவன் பார்த்த பார்வையில் நகை முழுவதும் எரிந்திருக்க வேண்டும்.

கிளார்க்கு என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். கோபம் போய்விட்டிருந்தது. உண்மையாகவே தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"அப்பம் நீயும் பிள்ளையளும் எங்கதான் இருப்பிய?"

"ஒங்க கூட" என்றேன்.

வாய்க்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். பழைய கோர்ட்டுக் கூடமல்லவா, கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி கட்டியிருந்தார்கள். மைனி மூக்கின்மேல் விரலை வைத்தாள். அணைஞ்சபெருமாள் கூரையைப் பார்த்து, "வீடு கொள்ளாம்" என்றார். கிளார்க்கு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார், துடைத்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நான் அடுக்களைக்குப் போய்ப் பாலை ஆற்றி, முதல் டம்ளரை வக்கீலுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். குடியிருக்கப் போகிறவர் அவர்தானே.